கொண்டக்டர் நல்லரத்தினத்தின் பாசல்

பாலத்தடி வந்ததும் நல்லரத்தினம் சைக்கிளை விட்டு இறங்குகிறார். பின்காரியரில் கட்டிய பலகைப் பெட்டிக்குள் இருந்து நாயும் குதிக்கிறது. இருவரும் நாற்பது அடி நடக்கிறார்கள். நடுவில் ஓரிடத்தில் அவர் நிற்க, நாய் அவருடைய செருப்பின் மேல் பின்பக்கத்தை வைத்து உட்காருகிறது. அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறார். பிறகு நாய் எழும்ப, இருவரும் மிச்சத் தூரம் நடக்கிறார்கள். நாயைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்து, "றைட்" என்கிறார். சைக்கிள் போகிறது.

அந்த இடத்தில் இப்போது சோதனைச் சாவடி கிடையாது. சண்டை முடிந்த இரண்டாம் மாதம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கிழிந்த மணல்மூட்டை நாலைந்தும், அதன்மேல் ஏறி நிற்கும் ஓர் ஆடும்தான் மிச்சம். அடையாள அட்டை கேட்க ஆளில்லாத இடத்தில் எதற்காக இறங்கி நடக்கிறீர் என்று பக்கத்து வீட்டுக்காரியான நான் கேட்டேன். "நான் ஏறிப் போனாலும் அது குதிச்சி நடக்குது ரீச்சர். மறுகா நான்தான் அங்கால நிண்டு பாத்துக்கு நிக்கணும். ரெண்டு பேரும் இறங்கினா வேல லேசி" என்றார். ஆட்டிடம் அவர் அட்டையைக் காட்டுவதை நான் என் கண்ணால் கண்டதாக ஊருக்குள் சொல்லி வைத்திருக்கிறேன். அதை நீங்கள் நம்ப வேண்டிய கட்டாயமில்லை.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஓடிய பஸ்ஸில் இருபத்தேழு வருடம் கொண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. உடம்பு இன்னும் ஓய்வு பெறவில்லை. தோல்பை தொங்கிய தோள் மற்றத் தோளை விட ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும். பேசும்போது ஒரு கையை மேலே தூக்கி, அங்கே இல்லாத கம்பி ஒன்றைப் பிடித்துக்கொள்வார். வீட்டுக்கு நாலு பேர் சேர்ந்து வந்தால் வாய் தன்பாட்டில், "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க, நடுவுல இடம் கிடக்கு" என்று தொடங்கும். ஒரு செத்த வீட்டிலும் அப்படிச் சொல்ல, வாசலில் நின்று அழுத பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு வரிசையாக உள்ளே போனார்கள். இது பொய்யில்லை. அந்த வரிசையில் நானும் போனேன்.

எங்கள் பக்கத்தில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. நல்லரத்தினத்தின் பஸ்ஸில் விட்ட சாமான் காணாமல் போகாது. யாரேனும் ஒரு பையை மறந்துவிட்டு இறங்கினால் அதை டிப்போவில் ஒப்படைத்துவிட்டுக் கைகழுவுகிற ஆளில்லை அவர். மேலிடத்தின் அனுமதியோடு தன் ஆசனத்துக்கு மேலே இருக்கும் கம்பியில் அதைத் தொங்கவிட்டு, அதே வழியில், அதே நேரத்து ஓட்டத்தில் கொண்டு திரிவார். குடை, சோற்றுப் பெட்டி, கோயிலுக்குக் கொண்டுபோன பட்டு, ஒருமுறை ஒரு முழுப் பல் செற் என்று அந்தக் கம்பியில் தொங்காத பொருளில்லை. உரிமைக்காரர் ஏறி, "அது என்ட" என்றால் சட்டென்று கொடுக்கமாட்டார். விட்டுப் போன பொட்டலம் எதுவும் அவர் வாயில் பாசல்தான்; ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "பாசலுக்குள்ள என்ன இரிக்கி?" சரியாகச் சொன்னால் மறுபேச்சில்லை, கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார். பிழையாகச் சொன்னால் அழுதாலும் கிடையாது. அந்தப் பற்களுக்கு எப்படிக் கேள்வி கேட்டார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சுனாமியில் கடல் வந்த நாளுக்கு மறுநாள், எங்கள் மஞ்சந்தொடுவாய் ஆண்கள் எல்லோரும் வாவிக் கரையோரமாக ஆட்களைத் தேடிக்கொண்டு போனார்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற டச்பார்ப் பக்கம் கடல் வீடுகளைத் தூக்கி வாவிக்குள் எறிந்திருந்தது. அவர்கள் தேடியவர்களைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. பின்னேரம் நல்லரத்தினம் திரும்பி வரும்போது சாரனை மடித்துக் கட்டி, அதற்குள் சேறு பூசிய ஏதோ ஒன்றைக் கொண்டு வந்தார். கண்டல் வேரில் சிக்கியிருந்ததாம். ஒரு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஏறி நின்று, வாலைச் சுக்கானாகப் பிடித்து வாவியைக் கடந்து வந்தது என்று என் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். கதவு என் சொந்தச் சரக்கு.

ஆனால் அடுத்த சங்கதிக்கு அவர் மனைவி அன்னப்பூரணி சாட்சி. சேற்றைக் கழுவியபோது சுருள் சுருளாக மயிர் தெரிந்தது. பால்தேநீர் நிறம். வெளிநாட்டுச் செம்மறிக்குட்டி என்று இருவரும் முடிவு செய்து, முருங்கையில் கட்டி, பலா இலை ஒடித்துப் போட்டார்கள். அது இலையை மணந்து பார்த்தது, இவர்கள் முகத்தைப் பார்த்தது. இரவு முழுக்க ஒன்றும் தின்னவில்லை. விடிய, மீன்காரன் மணி அடித்தபோது குரைத்தது. அன்னப்பூரணி அடுக்களையிலிருந்து ஓடி வந்து, "இஞ்ச பாருங்க, ஆடு குலைக்குது" என்றாள். பிறகு மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, தாய்வழி பூடில், தகப்பன்வழி ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம் என்றார். நல்லரத்தினம் அதைத் தன் மொழியில் சுருக்கி வைத்திருக்கிறார்: "தாய் பெரிய இடம். தகப்பன் பஸ் ஸ்ராண்ட்."

விட்டுப் போன சாமான் என்றால் அதற்கு ஒரு முறை உண்டல்லவா? பஸ் ஓடத் தொடங்கியதும் நாயை ஓர் ஓலைக் கடகத்தில் வைத்து, முன்கதவோரம், ஏறுகிற எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி கொண்டு போனார். ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம். காத்தான்குடிச் சந்தியில் தினமும் ஏறும் றபீக்கா, சாரன் பொட்டலங்களோடு கல்முனைக்குப் போகிற வியாபாரி. நாய் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டுமென்று அவள் பின்கதவால் ஏறிப் பின்சீற்றில் இருந்துகொள்வாள். இருந்துகொண்டு, ஒருநாள் தவறாமல் அங்கிருந்தே விசாரிப்பாள், ஆள் வந்ததா என்று. ஆறாம் கிழமை, துணி வெட்டுகிற நீளக் கத்தரிக்கோல் ஒன்றைக் கடதாசியில் சுற்றிக் கொண்டு வந்தாள். சுருள் மயிர் நாயின் கண்ணை மூடியிருப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "இந்தாங்க. நாய்க்குக் குடுத்தன் எண்டு எங்கட ஊட்டுல செல்லிராதீங்க" என்றாளாம். அவள் வீட்டார் இந்தப் பத்திரிகை வாசிப்பதில்லை என்று நம்புகிறேன்.

உரிமைக்காரர் வரவில்லை. கோயில் சுவரிலும் மாதா கோயில் வாசலிலும் அகதி முகாம்களிலும் கைப்பட எழுதி ஒட்டிய அறிவித்தல்களை மழை கழுவியது. ஒரு பெயராவது வையும் என்றேன். பெயர் வைப்பது உரிமைக்காரர் வேலை, தான் கொண்டு திரிகிற ஆள் மட்டும்தான் என்றார். ஆகவே நாய்க்குப் பெயர் பாசல். ஐந்து வருடமாகப் பாசல் அவர் கட்டிலின் கீழே படுக்கிறது, அவர் தட்டில் மீன் தலை இருந்தால் மூக்கால் முழங்காலை இடிக்கிறது, அவர் குளிக்கக் கிணற்றடிக்குப் போனால் வாளியைக் காவல் காக்கிறது. ஆனாலும் அது பாசல்தான்.

இந்தச் சாதி நாய்க்கு மயிர் உதிராது. உதிராத மயிர் சிக்குப்படும், சிக்குக்குள் உண்ணி குடியேறும், எங்கள் வாவிக் காற்றின் ஈரத்தில் காதுக்குள் சீழ் வைக்கும். இதெல்லாம் நல்லரத்தினத்துக்கு வைத்தியர் சொல்லித் தெரிந்ததைவிட பிழை விட்டுத் தெரிந்ததுதான் கூட. முதல் சித்திரை வெயிலில், பாவம் வேகுதே என்று, சலூனில் கொண்டுபோய்த் தோல் தெரிய வழிப்பித்துக்கொண்டு வந்தார். நாய் மூன்று நாள் கட்டிலுக்குக் கீழே இருந்து வெளியே வரவில்லை. நாலாம் நாள் வந்தபோது முதுகு வெயிலில் பொரிந்துபோனது. அன்னப்பூரணி திட்டித் திட்டி, அவருடைய பழைய காக்கிச் சட்டையை வெட்டி அதற்கு ஒரு சட்டை தைத்தாள். பையும் வைத்துத் தைத்தாள். அந்தச் சட்டையோடு அது வீதியில் போனால் கடைக்காரர்கள் எழும்பி நின்று "றைட், றைட்" என்பார்கள்.

அன்றிலிருந்து ஞாயிறு காலை என்றால் முற்றத்தில் ஒரு சடங்கு. கவிழ்த்த உரலின் மேல் சாக்கு விரித்து நாயை ஏற்றுவார். வேப்பிலை அவித்த தண்ணீர் ஒரு வாளி, மாட்டுக்கொம்புச் சீப்பு, தேங்காயெண்ணெய், றபீக்காவின் கத்தரிக்கோல். முதலில் காது. உள்ளே வளரும் மயிரை இரண்டு விரலால் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துணியால் துடைப்பார். நாய் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்திருக்கும். பிறகு சீப்பு. சிக்கை இழுக்கமாட்டார். நுனியிலிருந்து தொடங்கி, எண்ணெய் தொட்டு, பிரித்துப் பிரித்து மேலே போவார். வெட்டு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு, அன்று இடப்பக்கம் முழுக்க வெட்டி முடித்துத்தான் வலப்பக்கம். எங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நான் கதிரை போட்டு இருப்பேன். அடுக்களை வாசலில் அன்னப்பூரணி இருப்பாள். "முப்பத்தொரு வரிசம் குடும்பம் நடத்திறன் ரீச்சர். எனக்கு இந்த மனிசன் ஒருநாள் சீப்பெடுத்துத் தல இழுத்து விட்டிரிக்காரா?" இதையும் ஒவ்வொரு ஞாயிறும் சொல்வாள். சொல்லிவிட்டு, நாய்க்கு அவித்த கீரி மீனில் முள் எடுக்கப் போவாள்.

மார்கழி இருபத்தாறாம் தேதி, கடல் வந்த நாளில் மட்டும் அந்த வீட்டில் பேச்சு இருக்காது. அன்று நல்லரத்தினம் நாயைக் குளிப்பாட்டி, பெட்டியில் ஏற்றி, டச்பாருக்குப் போவார். செத்தவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்த வருகிற, போர்த்துக்கீசர் ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிக் குடும்பங்கள் நிற்கிற வீதியில் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்பு வரை அதை நடத்திக்கொண்டு போவார், யார் கண்ணிலாவது படட்டும் என்று. ஒருவரும் கேட்காவிட்டால் திரும்பி வருவார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடித்திருக்கமாட்டார். வந்ததும் இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுவார். நாலு வருடம் நாலு தரம் போனார். ஏன் போகிறீர், உம்மை யார் கேட்டது என்று ஒருமுறை நான் வாய் விட்டுவிட்டேன். "ஒருத்தரும் கேக்கல்ல ரீச்சர். ஆனா கம்பியில தொங்கவிடாம சீற்றுக்குக் கீழ ஒளிச்சி வெச்சா அதுக்குப் பேர் வேற" என்றார்.

சண்டை முடிந்தது என்று இந்த வைகாசியில் நகரில் வெடி கொளுத்தினார்கள். யார் கொளுத்தினார்கள், யார் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள் என்று எழுத எனக்கு இன்னும் வயது போதாது. பாசல் கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. நான் எட்டிப் பார்த்தபோது நல்லரத்தினமும் கட்டிலோரம் நிலத்தில் இருந்து, கையை உள்ளே விட்டு அதன் தலையில் வைத்திருந்தார். வெடிச் சத்தம் ஓய்ந்த பிறகும் எழும்பவில்லை. "இனி ரோட்டெல்லாம் திறப்பாங்க ரீச்சர். போன ஆக்கள் எல்லாம் வருவாங்க" என்றார். நல்லதுதானே என்றேன். "ஓம். நல்லதுதான்" என்றார். கையை எடுக்கவில்லை.

போன ஞாயிறு ஒரு பிள்ளை வந்தாள்.

வலப்பக்கம் தொடங்கவில்லை, இடப்பக்கம் அப்போதுதான் முடிந்திருந்தது. நாய் ஒரு பக்கம் ஒட்ட வெட்டிய குட்டியாகவும், மறுபக்கம் நிலம் வரை சுருள் தொங்கும் செம்மறியாகவும் உரலின் மேல் நின்றது. படலையைத் திறந்துகொண்டு வந்த பிள்ளைக்குப் பத்தொன்பது வயதிருக்கும். டச்பாரில் பிறந்த பறங்கிப் பிள்ளை. பெயர் ஜெனிற்றா. தாயைக் கடல் கொண்டுபோனது. தகப்பன் அதற்கு முன்னரே இல்லை. கொழும்பில் ஒரு பெரியம்மா கூட்டிக்கொண்டு போய் வளர்த்தாளாம். வழி திறந்ததும் புளியந்தீவில் மாமன் வீட்டுக்குத் திரும்பி வந்து, ஒரு பாலர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். காக்கிச் சட்டை போட்ட சுருள் நாய் பற்றிக் கோயிலில் யாரோ சிரித்துக்கொண்டு சொன்னதைக் கேட்டு, இரண்டு ஞாயிறாக வீடு வீடாக விசாரித்து வந்திருக்கிறாள்.

"பிஸ்கட்" என்று மெல்லக் கூப்பிட்டாள்.

நான் சொல்லும் கதையாக இருந்தால் நாய் உரலிலிருந்து பறந்து அவள் மடியில் விழுந்திருக்கும். நடந்தது அதுவல்ல. தலையைச் சரித்துப் பார்த்தது. அவள் கையை மணந்தது. பிறகு எல்லோருக்கும் ஆட்டுகிற வாலை அவளுக்கும் ஆட்டியது. அந்தப் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. தன் நாய்தானா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அவள் விட்டுப் போனது எட்டு மாதக் குட்டி.

நல்லரத்தினம் கத்தரிக்கோலை மடியில் வைத்தார். ஒரு கை மேலே போய், இல்லாத கம்பியைப் பிடித்தது.

"பாசலுக்குள்ள என்ன இரிக்கி எண்டு சொல்லுங்க மகள்."

அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். உனக்கு மட்டும் தெரிந்த அடையாளம் ஏதேனும் உண்டா என்று கேட்கிறார், பிள்ளை என்றேன். அவள் குனிந்து நாயின் பின்னங்காலை எட்டிப் பார்த்தாள்.

"வலது பின்னங்கால்ல, தொடைக்கு உள்பக்கம், அயன் சுட்ட அடையாளம் இருக்கணும் அங்கிள். கிறிஸ்மஸுக்குப் பூசைக்குப் போக நான் சட்ட அயன் பண்ணிக்கிருந்தன். இது வந்து வயரை இழுத்திட்டு. அம்மா ஏசினா. ஏசிப்போட்டு அவதான் மருந்து பூசினா. அடுத்த நாள்தான் தண்ணி வந்த."

எனக்கு அந்த அடையாளம் தெரியும். கடலில் வந்த நாயின் காலில் தீக்காயம் எப்படி வந்தது என்பது எங்கள் இரண்டு வளவிலும் ஐந்து வருடப் புதிர். வைத்தியருக்கும் தெரியவில்லை. அதற்கு நானே மூன்று கதை கட்டியிருக்கிறேன், ஒன்றில் மின்னல்கூட வரும். கண்டல் வேரிலிருந்து எடுத்து வந்தபோது அந்தப் புண்ணில் ஏதோ களிம்பு ஒட்டியிருந்தது என்று நல்லரத்தினம் சொல்வார். கழுவிக் கழுவி இரண்டு மாதம் மருந்து கட்டி ஆற்றியது அவர். இப்போது அது வெட்டாத பக்கத்தில், சுருளுக்கு அடியில் இருந்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது.

பேசியது அன்னப்பூரணி. அடுக்களை வாசலில் நின்றபடி, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாராமல், மீன் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அப்பிடி ஒரு அடையாளமும் இதில இல்ல, புள்ள. இது வேற நாய்."

முப்பத்தொரு வருடத்தில் அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பொய்யை ரசிக்கத் தெரிந்தவள் நான். அன்று என் கதிரையில் என்னால் இருக்க முடியவில்லை.

நல்லரத்தினம் திரும்பி மனைவியைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள். அவர் கம்பியை விட்டார். நாயை மெல்லத் திருப்பி, வலது பின்னங்காலைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்து, உள்பக்கத்து மயிரைக் கத்தரித்தார். ஒரு சுருள், இன்னொரு சுருள். விழுந்ததை ஊதித் தள்ளினார். அயன் பெட்டியின் கூர்முனை பதிந்த வடிவத்தில், மயிர் முளைக்காத வெளுத்த தோல் தெரிந்தது.

"கிட்ட வந்து பாருங்க மகள்."

அவள் முழங்காலிட்டு, பெருவிரலை அந்த இடத்தில் வைத்தாள். எடுக்கவில்லை. அவளுடைய அம்மாவின் கைபட்ட எதுவும் அந்த வீட்டிலிருந்து மிஞ்சவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். அப்போது அவள் கேட்டது ஒன்றுதான்.

"நான் கொண்டு போகட்டா அங்கிள்?"

"கொண்டு போங்க. சாமான் உங்கட." குரல் பஸ்ஸில் கேட்ட அதே குரல்தான். பிறகு நாயின் வலப்பக்கத்தைப் பார்த்தார். "ஆனா பாதி வெட்டினபடி குடுக்க ஏலா. ஆக்கள் சிரிப்பாங்க. இருங்க, மிச்சத்தையும் முடிச்சித் தாறன்."

அன்னப்பூரணி உள்ளேயிருந்து கதிரை ஒன்றைக் கொண்டு வந்து பிள்ளைக்கு வைத்தாள். தேநீர் வந்தது. பிள்ளை குடித்து முடித்தாள்.

ஒரு பக்கத்துக்கு அவருக்கு அரை மணி நேரம் போதும். நல்லரத்தினம் ஒரு சுருளை இரண்டு விரலால் பிடித்தார். நீவி நேராக்கினார். நுனியில் ஒரு நெல்லளவு வெட்டினார். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழும்பி, கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து குந்தினார். பக்கத்துச் சுருளைப் பிடித்தார்.